வால்வு மாற்றும்போது அது உட்காரும் இடத்தையும் வெட்டிப் பெரிதாக்கச் சம்மதிக்கலாமா?

அம்மாவுக்கு 58 வயது, வேலூரில் அயோர்ட்டிக் வால்வை (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது) மாற்றப் போகிறார்கள், தேவைப்பட்டால் வால்வு உட்காரும் வளையத்தையும் பெரிதாக்குவோம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் சர்ஜன் இல்லை. இதே ஊரில் ஆபரேஷன் தியேட்டரில், இதயத்தை நிறுத்தியிருக்கும்போது ரத்தத்தைச் சுற்றவைக்கும் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிறவன். என்னைக் கேட்டால், கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால், அம்மா உடம்புக்கு எந்த சைஸ் வால்வு போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்கோவிலும் சிடி ஸ்கேனிலும் ஓரளவு தெரியும். ஆனால் பழைய வால்வை எடுத்து, கல்லாக இறுகிய கால்சியத்தைச் சுரண்டிய பிறகுதான் சரியான அளவு பிடிபடும். அளவு பார்க்க, சைசர் என்று கைப்பிடி வைத்த ஒரு கருவி உண்டு. 21 மி.மீ. சைஸ் உள்ளே இறங்காது. சர்ஜன் கையை நீட்டி 19 கேட்பார், அது இறங்கும். இதோடு விடுவதா, பெரிதாக்குவதா என்று அந்த நிமிடமே முடிவு செய்தாக வேண்டும். அப்போது வெளியே ஓடிவந்து உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாதே!

19க்கும் 23க்கும் நாலு மில்லிமீட்டர்தான். பரப்பளவாகப் பார்த்தால் 23 ஏறக்குறைய 46 சதவீதம் பெரியது. ஆளைப் பொறுத்துத்தான் தேவை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு, வால்வின் திறப்பு 0.85 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 150 செ.மீ. உயரம், 45 கிலோ என்றால் 1.16 சதுர செ.மீ. திறப்பு போதும், குடியாத்தம் பக்கத்து ஒல்லிப் பாட்டிகளுக்குச் சின்ன வால்வே சமாளித்துவிடலாம். 155 செ.மீ., 70 கிலோ என்றால் 1.48 வேண்டும். அங்கே 19 வைத்தால் இதயம் தொடர்ந்து முக்கித்தான் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும்.

செய்முறை, இறுக்கமான ஜாக்கெட்டைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதுதான். நிக்ஸ் என்ற சர்ஜன் 1970இல் எழுதிய முறையும் மனூகியன் என்ற சர்ஜன் 1979இல் எழுதிய முறையும் பின்பக்கமாக வெட்டுபவை. இப்போது அமெரிக்காவின் மிச்சிகனில் போ யாங் என்ற சர்ஜன் கொண்டுவந்த ஒய் வடிவ வெட்டில் மூன்று நாலு சைஸ்கூட ஏற்ற முடிகிறது. ஒட்டு பெரும்பாலும் மாட்டு இதய உறை. குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தியது, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்காரர்களுக்குத் தெரிந்த மருந்துதான். மாடு வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், டேக்ரான் என்ற செயற்கைத் துணியும் உண்டு.

ஆபத்து இல்லாமல் இல்லை. இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் கூடும். பின்பக்கத் தையலில் கசிந்தால், இதயம் நிரம்பிய பிறகு அங்கே எட்டுவது கஷ்டம். அதனால் "இதை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

58 வயதில் திசு வால்வு (மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்தது) வைத்தால் பின்னாளில் தேய்ந்துபோக வாய்ப்பு அதிகம். அப்போது மார்பைத் திறக்காமல், தொடை வழியாக அதற்குள்ளேயே இன்னொன்றை வைப்பார்கள். முதல் வால்வு பெரிதாக இருந்தால்தான் அதற்கு இடம் இருக்கும். திசுவா உலோகமா என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம், ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து ஆட்களை முந்தின நாளே வரச் சொல்லுங்கள்.