எட்டாவதோடு படிப்பை விட்ட 38 வயதுப் பெண், சென்னையில் வேலைக்குப் போக எங்கே ஆரம்பிப்பது?

வியாசர்பாடியில் இருக்கும் உங்கள் அக்கா எட்டாவது பாஸ், இதுவரை வேலைக்குப் போனதில்லை, இனிமேல் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக எழுத உச்ச வயது வரம்பு கிடையாது. ஆனால் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணக்கு என்றாலே பயம் என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வசதி: கணக்கு கட்டாயமில்லை, ஐந்து பாடங்களை 5 ஆண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம். கைத்தொழில்தான் விருப்பம் என்றால் கிண்டியில் பெண்களுக்கான அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது.

சான்றிதழோடு சம்பளச் சீட்டு படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். எனக்கு இது அதைவிட முக்கியமாகவே படுகிறது. 12,000 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,440, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 90 பிடிப்பார்கள். இந்த இரண்டும் போகக் கைக்கு வருவது 10,470. இந்தக் கணக்கு தெரியாததால், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து முதல் மாதமே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. நிஜமாகவே சம்பளத்தில் அதிகமாகப் பிடித்து ஏமாற்றினால் கேட்கத் தெரியாமல் போவதும் இதனால்தான்.

அப்புறம், ஆதார், பள்ளி டி.சி., பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், பிறகு பி.எஃப். பணம் எடுக்கும்போது இழுத்தடிக்கும். வேலை வாங்கித் தர முன்பணம் கேட்கும் ஆட்களிடம் மட்டும் போகவே வேண்டாம்.