முதல் பெஞ்சு மட்டும் போதாது

அன்புள்ள அம்மா,

ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஏடிஎச்டி (கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும்) இருக்கிறது, பரீட்சை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் கொடுத்த சீட்டைப் பள்ளியில் காட்டினால் முத்திரை குத்திவிடுவார்களோ, நாளைக்கு வேலை கிடைக்காமல் போகுமோ என்பதுதான் உங்கள் கவலை.

வேலை பற்றிய பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. ஒன்பதாம் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான் என்று எந்தக் கம்பெனியும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது பள்ளி. பெற்றோர் பலர் நேராக மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஓடுகிறார்கள். வகுப்பறைக்குள் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு அது தேவையே இல்லை, வகுப்பாசிரியர் மனம் வைத்தால் போதும். ஆனால் "பையனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எதைக் கவனிப்பார்? இன்னின்னது வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். முதல் பெஞ்சு என்றாலும் ஜன்னல், கதவு ஓரமாக வேண்டாம். பக்கத்தில் அமைதியான பிள்ளை இருக்கட்டும். வீட்டுப்பாடத்தை வாயால் மட்டும் சொல்லாமல் போர்டிலும் எழுதச் சொல்லுங்கள். இருபது கணக்குக்குப் பதில் பத்துப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளக் கேட்கலாம், கணக்கு புரிந்ததா என்பது பத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோகும் வேலையை அவனுக்குக் கொடுத்தால், எழுந்து நடந்த மாதிரியும் ஆச்சு, திட்டு வாங்காத மாதிரியும் ஆச்சு. பதற்றம் இருப்பதால், திடீரென்று எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயால் பேசியதை ஒரு கடிதமாகவும் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஆசிரியர் மாறுவார்.

சான்றிதழ் தேவைப்படுவது பொதுத்தேர்வுக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் இருக்கின்றன; ஏடிஎச்டி தனியாக இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கு எழுதுவதிலோ வாசிப்பதிலோ கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இருப்பது உறுதியானால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்க வழி இருக்கிறது. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லை என்று யாராவது கைவிரித்தால், எழுதுபவரைத் தர அந்த 40 சதவீதத்தைக் கட்டாயமாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். ஐஏஎஸ் தேர்வு எழுத முயன்ற, எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு.

ஆனால் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். என்னைக் கேட்டால், மூன்று மணி நேரமே உட்கார முடியாத பிள்ளைக்கு இன்னொரு மணி நேரம் கொடுப்பதைவிட, சத்தமில்லாத அறையும் நடுவில் ஐந்து நிமிட இடைவேளையும் பெரிய உதவி. சொல்லி எழுதவைப்பதும் தனிப் பழக்கம். பொதுத்தேர்வு அன்று புதிதாக ஆரம்பித்தால் பையன் திணறிப்போவான். அதனால் இந்த அரையாண்டிலேயே எது ஒத்துவருகிறது என்று பள்ளித் தேர்வில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதற்றம் இரவில் முற்றினால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிப்போங்கள். எந்தப் பீரியடில் கவனம் சிதறுகிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் சரிவருகிறது என்று அவனே சொல்லட்டும்.