பங்குச் சந்தை: வாசகர் கேள்வி

கேள்வி: என் கணவர் ஆப்ஷன் விற்று வந்தார். ஒரே நாளில் பெரும் நஷ்டம் வந்தது. புரோக்கர் எங்களைக் கேட்காமலேயே பொசிஷன்களை முடித்து, அடகில் இருந்த பங்குகளையும் விற்றுவிட்டார். இன்னும் 1,40,000 ரூபாய் பாக்கி என்று, வட்டியும் சேர்த்துக் கேட்கிறார். இது முறையா?

– வாசகி, ஈரோடு

பதில்: மார்ஜின் (வர்த்தகத்துக்கு ஈடாக வைக்கும் தொகை) குறைந்து, அதைக் கட்டும்படி கேட்டும் பணம் வராவிட்டால், பொசிஷனை, அதாவது முடியாமல் நிற்கும் வர்த்தகத்தை, முடிக்கவும் அடகுப் பங்குகளை விற்கவும் புரோக்கருக்கு உரிமை உண்டு, கணக்கு தொடங்கும்போது கையெழுத்திட்ட ஆவணங்களில் அது இருக்கிறது. நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அன்றைய நஷ்டத்தை அவர் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குச் (வர்த்தகங்களின் பணக் கணக்கைத் தீர்க்கும் அமைப்புக்கு) செலுத்தியாக வேண்டும் என்பதால், சந்தை சரியும் நேரத்தில் அவர் முதலில் காத்துக்கொள்வது தம்முடைய பணத்தைத்தான். ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ ஒருவர் பெறும் உரிமை. அதை வாங்கியவரின் நஷ்டம், அதற்காகக் கொடுத்த பிரீமியத் தொகையோடு நிற்கும். விற்றவருக்கு அந்த வரம்பு இல்லை. கணக்கில் போட்ட தொகைதான் அதிகபட்ச நஷ்டம் என்ற நம்பிக்கை பல குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது.

2020 ஏப்ரல் 20 அன்று எம்சிஎக்ஸ் என்ற பண்டச் சந்தையின் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தில் நடந்ததைப் பாருங்கள். ஊரடங்கினால் வர்த்தகம் மாலை 5 மணிக்கே முடிந்தது. கடைசி விலை பேரலுக்கு 965 ரூபாய். அன்றிரவு அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதால், இங்கே மைனஸ் 2,884 ரூபாயில் கணக்குத் தீர்க்கப்பட்டது. 100 பேரல் கொண்ட ஒரு லாட்டை 965 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தவருக்கு 3,84,900 ரூபாய் நஷ்டம். இடையில் வெளியேற வழியே இல்லை. அந்தப் பணத்தைக் கட்டிய புரோக்கர்கள் வாடிக்கையாளர்களிடம் வசூலிக்க முனைந்தார்கள். சிலர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

ஆகவே, பாக்கி என்பது உண்மையான கடனாகவே இருக்கக்கூடும். ஆனால் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். லெட்ஜர் (வரவு செலவுக் கணக்கு), கான்ட்ராக்ட் நோட்டுகள் (ஒவ்வொரு வர்த்தகத்துக்குமான ரசீது), தினசரி மார்ஜின் அறிக்கை ஆகியவற்றை உங்கள் கணவரின் மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேளுங்கள். மார்ஜின் குறைந்ததாகத் தகவல் வந்த நேரம், பொசிஷன் முடிக்கப்பட்ட நேரம், பங்குகள் விற்ற விலை, வட்டி விகிதத்தை எங்கே ஒப்புக்கொண்டார் என்பவற்றை வரிவரியாகச் சரிபாருங்கள்.

இன்னொன்றை அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள்: எல்லா ஆர்டரும் அவரே போட்டவையா, அல்லது புரோக்கரின் ஊழியரான டீலர் "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொல்லிப் போட்டவையா? 2018-இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி ஒவ்வொரு ஆர்டருக்கும் தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், இணையப் பதிவு போன்ற ஏதாவதொரு சான்றைப் புரோக்கர் வைத்திருக்க வேண்டும். தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. சான்று காட்ட முடியாத ஆர்டர்களின் நஷ்டத்தை மறுத்து வாதாட உங்களுக்கு வலுவான இடம் உண்டு.

புரோக்கரின் பதில் திருப்தி தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற இணையப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். 21 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளம் வழியாக முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு.

2021-22 முதல் 2023-24 வரை பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்ததாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். விட்டதைப் பிடிக்கலாம் என்று யார் தூண்டினாலும், நகையை வைத்தோ கடன் வாங்கியோ அந்தக் கணக்கில் மேலும் பணம் போட வேண்டாம்.