கோரையை வெட்டாதீர்கள், காயப்போடுங்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. மேலூரில் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. முன்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 30 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. வரிசையாகப் பூச்செடி வைக்க ஆசை. ஆனால் ஒரே கோரை, அருகு, நடுநடுவே பார்த்தீனியம். ஆள் வைத்து இரண்டு முறை செதுக்கியும் பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. ஜேசிபியை விட்டுப் புரட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்லி ஒரு வீடியோவும் பார்த்தேன். எதைச் செய்ய?
- வாசகி, மேலூர்

பதில்: முதலில் ஜேசிபி வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதே தப்பை நான் செய்திருக்கிறேன். நர்சரிக்கென்று 20 சென்ட் இடம் பிடித்த வருடம், அவசரப்பட்டு டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி இரண்டு சால் ஓட்டச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் மண் மாவு மாதிரி கிடந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு கோடை மழை பெய்தது. மூன்றாவது வாரம், அதுவரை திட்டுத் திட்டாக இருந்த கோரை, நெல் நாற்றங்கால் மாதிரி இடைவெளி இல்லாமல் எழுந்து நின்றது.

ஒரு கோரையைத் தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். இலையைப் பிடித்து இழுக்காமல், களைக்கொத்தியால் பக்கத்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். கருப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி போல ஒரு தண்டு, அதன் நுனியில் இன்னொரு கிழங்கு என்று உருத்திராட்சம் கோத்த மாதிரி போகும். மாலை அறுபடாத வரை அதில் பல கிழங்குகள் முளைக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் போய்விடும். ரொட்டவேட்டர் எனக்குச் செய்து கொடுத்தது அதைத்தான். உங்கள் ஆள் செதுக்கியபோது இலை மட்டும்தான் போயிருக்கிறது, கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. (இதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்காகக் காசு கொடுத்து வாங்குகிறோம். மோந்து பாருங்கள், நல்ல வாசனை.)

கோரைக்கிழங்கு ஈரத்தில் சாகாது, காய்ச்சலில் சாகும். நீங்கள் பங்குனியில் கேட்டது நல்லதாகப் போயிற்று, வெயில் முழுசாக நம் கையில் இருக்கிறது. ஒரேயடியாக 30 அடியிலும் கை வைக்காதீர்கள். இந்த வருடம் 15 அடி போதும். முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்குங்கள். மறுநாள் கடப்பாரையாலும் முள்கரண்டி மாதிரி இருக்கும் கொத்தாலும் முக்கால் அடி ஆழத்துக்குப் பெயர்த்துப் போடுங்கள். பெரும்பாலான கிழங்கு அதற்குள்தான் இருக்கும். மண்வெட்டி வேண்டாம், அது மாலையை அறுத்துவிடும். கட்டியை உதிர்த்து, கையில் கிடைக்கும் கிழங்கையெல்லாம் வாளியில் பொறுக்குங்கள். உட்கார்ந்து செய்கிற வேலை இது, பேச்சுத்துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது. பொறுக்கியதை மொட்டை மாடியில் இரண்டு வாரம் காயப்போட்டு எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட்டால் உரத்தோடு திரும்பி வந்துவிடும். பாத்தியில் தப்பிய கிழங்குக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், வாரம் ஒருமுறை மண்ணைப் புரட்டி வெயிலுக்குக் காட்டுங்கள்.

அருகை இந்த வேலையோடேயே எடுத்துவிடலாம். கணுவுக்குக் கணு வேர் விடும் சாதி என்பதால் ஒரு துண்டும் மிச்சம் வைக்கக் கூடாது. பக்கத்து இடத்திலிருந்து ஊர்ந்து வராமல் இருக்க, பாத்தி ஓரத்தில் கடப்பா கல் துண்டுகளை அரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதையுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூ வைப்பதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் தொடாதீர்கள். வெறுங்கையால் பிடுங்கி, முழங்கை வரை தடித்து, இரண்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டு திரிந்தவள் நான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1950களில் பூனாவில் கண்ணில் பட்டது, இன்று மேலூரில் உங்கள் வாசலில் நிற்கிறது.

சித்திரை பிறந்ததும் பாத்தியைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, நிறமில்லாத கண்ணாடி பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, நாலு ஓரத்தையும் மண் போட்டு மூடிவிடுங்கள். ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும், கத்திரி வெயில் பார்த்துக்கொள்ளும். மேல்மண்ணில் இருக்கும் விதைகள் அவிந்துவிடும். பலர் கருப்புத் தாள் போடுகிறார்கள். கண்ணாடித் தாளுக்குள் ஏறும் சூடு கருப்பில் ஏறாது, போதாக்குறைக்கு மெல்லிய கருப்புத் தாளைக் கோரை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சரி, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வருவோம். அவர் சொல்வது கிளைபோசேட் என்ற களைக்கொல்லியாக இருந்தால், பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் அதை அடிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. அப்படியே அடித்தாலும், தூங்கும் கிழங்குகளில் பல தப்பித்துவிடும். உப்பு அதைவிட மோசம். அருகு உப்பைத் தாங்கிக்கொள்ளும். நீங்கள் பின்னால் நடப்போகிற செடி தாங்காது.

தாளை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள், அடியில் கிடக்கும் விதை மேலே வந்துவிடும். நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்று மூட்டையும் வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோவும் மேலாகக் கலந்தால் போதும். மண் பற்றவில்லை என்று லோடு செம்மண் அடிக்காதீர்கள். நான் ஒரு தடவை வாங்கிய லோடில் மண்ணைவிடக் கோரைதான் அதிகம்.

ஆடியில் நடுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நந்தியாவட்டையும் இட்லிப்பூவும், அதற்கு முன்னால் கோழிக்கொண்டை, வாடாமல்லி, துலுக்கச் சாமந்தி, ஓரத்தில் பத்துமணிப்பூ. கொஞ்சம் நெருக்கியே வையுங்கள், கோரைக்கு நிழல் ஆகாது. புரட்டாசியில் சரஸ்வதி பூஜைக்குச் சாமந்தியை வாசலிலேயே பறித்துக்கொள்ளலாம். கோரை அப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்க்கும். ஐந்தாறு இலை விடும் முன் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். மிச்சம் 15 அடியை அடுத்த பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பூப்பாத்தி போடக் களை எடுக்கும்போது மூக்கிரட்டையும் பருப்புக்கீரையும் நிறைய வருகின்றன. எல்லாவற்றையும் தூக்கி எறியத்தான் வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: யாராவது எறிவார்களா! சாக்கடை ஓரமோ மருந்து அடித்த இடமோ இல்லையென்றால் கிள்ளிக் குழம்பில் போடுங்கள். மூக்கிரட்டைக்கு ஆணிவேர் தடியாக ஆழத்தில் இருக்கும், வேரை விட்டுவிட்டுக் கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும். அதனால் பாத்திக்குள் வேண்டாம், வேலி ஓரம் இரண்டு விட்டுவையுங்கள். அப்புறம், அருகை ஒழிக்கிற ஆத்திரத்தில் பிள்ளையாரை மறந்துவிடாதீர்கள். ஒரு கைப்பிடியைத் தொட்டியில் நட்டு, தொட்டியைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள்.