கீமோ நாட்களில் மாமிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: அக்கா, என் மாமிக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. 52 கிலோ இருந்தவர் 47-க்கு வந்துவிட்டார். வாயெல்லாம் புண். மீன் குழம்பு வாசனை வந்தாலே குமட்டுகிறது, எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கு என்கிறார். பார்க்க வருகிறவர்களோ மீன், முட்டை, பால், சீனி எதுவும் கொடுக்காதே, நோய்க்குத் தீனி போடாதே என்கிறார்கள். பயந்துபோய் கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுக்கிறேன். சரிதானா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சரியில்லை தங்கச்சி, இன்றைக்கே மாற்றுங்கள். இரண்டு கீமோவுக்குள் 5 கிலோ குறைந்திருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. உடம்பு இப்படியே தளர்ந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவோ மருந்தின் அளவைக் குறைக்கவோ வேண்டிவரலாம். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று சொல்கிறார்களே, உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. சாப்பாட்டிலிருந்து மாவுச்சத்து வராவிட்டால் ஈரலே புரதத்திலிருந்து குளுக்கோஸைச் செய்துகொள்ளும், அந்தப் புரதம் மாமியின் தசை கரைந்துதான் வரும். சர்க்கரை நோய் இருந்தால் அது வேறு கணக்கு, டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

கீமோ சமயத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் மாமிக்குக் குறைந்தது 56 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, 100 கிராம் மீனில் 20 கிராம் பக்கம் இருக்கிறது. நம் ஊர் மரச்சீனிக் கிழங்கில் 100 கிராமுக்கு 2 கிராம்கூட இல்லை, கஞ்சித்தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்காகக் கஞ்சியை விட வேண்டாம், அதையே கனமாக்குங்கள். சம்பா அரிசியோடு சிறுபயறைக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பாலும் ஒரு கரண்டி நெய்யும் சேருங்கள். கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டால் சாப்பிடுகிறவருக்கு முட்டை இருப்பதே தெரியாது. மீனை நிறுத்தாதீர்கள், குழம்பை மட்டும் மாற்றுங்கள். சாளையும் அயிலையும் வாடை கூடின மீன்கள், கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நெய்மீன் துண்டைப் புளியும் மிளகாயும் இல்லாமல் மஞ்சள், உப்பு, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முள்ளெடுத்து, ஆறவிட்டுக் கஞ்சியில் பிசைந்து கொடுங்கள். சமைக்கும்போது மாமியை முற்றத்தில் காற்றோட்டமாக உட்கார வையுங்கள். ஏத்தம்பழத்தை அவித்துப் பாலில் மசித்துக் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு முதல்முதலாக ஊட்டுகிற மட்டிப்பழமும் புண் வாய்க்கு இதமாக இருக்கும்.

மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் போதும், காலையில் பசி கொஞ்சம் நன்றாக இருந்தால் அப்போது கூடக் கொடுங்கள். இரும்பு ருசிக்கு எவர்சில்வர் கரண்டியையும் டம்ளரையும் ஒதுக்கிவிட்டுச் சிரட்டைக் கரண்டியும் கண்ணாடி டம்ளரும் எடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, கீமோ அன்றைக்கு அவருக்கு ரொம்பப் பிடித்த பலகாரத்தைச் செய்து கொண்டு போகாதீர்கள். அந்தக் குமட்டலோடு அது மனதில் ஒட்டிக்கொண்டால் பிறகு எத்தனையோ நாள் அதைத் தொட மாட்டார். என் அம்மாவுக்கு ஆசையாக உளுந்தங்கஞ்சி கொண்டுபோய் நான் செய்த தப்பு அது. அதுவரை தினமும் குடித்த கஞ்சியைக் கடைசிவரை அவர் குடிக்கவே இல்லை.

கேள்வி: முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், குலசேகரம்

பதில்: தயவுசெய்து கீமோவை விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக் கூடத்துத் தட்டில் அதன் சாறு புற்றணுக்களைக் கொன்றது உண்மை, ஆனால் மனிதர்களுக்கு நோய் குணமானதாக எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. கரீபியனில் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் பல காலம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்க நோய் அதிகம் காணப்பட்டதாக 1999-லேயே மருத்துவர்கள் எழுதினார்கள். கஷாயம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கவும் செய்யும். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கேள்வி: கீமோ எடுக்கிற என் கணவர் பழங்கஞ்சியும் அக்கானியும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கருங்கல்

பதில்: இப்போது வேண்டாம். கீமோவால், கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இரவெல்லாம் வெளியே ஊறின சோறும், மரத்திலிருந்து இறக்கிக் காய்ச்சாமல் குடிக்கிற பதநீரும், அரைவேக்காட்டு முட்டையும், ரோட்டோரம் வெட்டி வைத்த பழமும் கிருமியைக் கொண்டுவரும். ஆசைக்குப் புதிதாகச் சோறு வடித்து, ஆறினதும் வீட்டில் காய்ச்சி உறையூற்றிய அன்றைய தயிரில் கரைத்து, சின்ன உள்ளியைக் கடிக்கக் கொடுக்காமல் நெய்யில் வதக்கிப் போட்டு உடனே கொடுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.