தோரணத்தை முதலில் சிங்கப்பூருக்கே அனுப்புங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு வணக்கம். நீங்கள் செய்யும் பாசிமணி வாசல் தோரணம் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஷாப்பி இணையச் சந்தையில் ஓடுகிறது, அடுத்து எந்த நாட்டுக்கு விற்கலாம், இந்தோனேசியாவா, இந்தியாவா, சிங்கப்பூரா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆள்தொகையைப் பார்த்து இந்தோனேசியாவுக்கு மயங்காதீர்கள். 2023இல் அங்கே ஒரு விதி வந்தது: வெளிநாட்டு விற்பனையாளர் இணையத்தில் நேரடியாக விற்கும் பொருளுக்குக் குறைந்தபட்ச விலை 100 அமெரிக்க டாலர். உங்கள் 45 வெள்ளித் தோரணம் அதன் பக்கத்தில்கூட வராது.

இந்தியாவா? ஷாப்பியே 2022 மார்ச்சில் அங்கே கடையை மூடிவிட்டது. போதாக்குறைக்கு, பாசிமணி அங்கிருந்தும் நமக்கு வருகிறதே! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

சிங்கப்பூர்தான் சரி. தீபாவளிக்கு வாசலில் தோரணம் கட்டும் வீடுகள் அங்கே ஏராளம், அவர்கள் ஒரு வெள்ளி நமக்கு மூன்றுக்கு மேல். வரியை மட்டும் கவனியுங்கள். 400 சிங்கப்பூர் வெள்ளிக்குள் அடங்கும் பார்சலுக்கும் 2023 முதல் அங்கே ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) உண்டு, இப்போது 9 விழுக்காடு. பெரிய விற்பனைத் தளங்களில் வாங்குபவரிடம் அந்த வரியைத் தளமே பிடித்துக் கட்டிவிடும். ஆனால் அவர் கண்ணில் படுவது வரி சேர்ந்த விலை. அதை மனத்தில் வைத்து விலை போடுங்கள்.

பெட்டி கெட்டியாக இருக்கட்டும். என் முதல் பார்சல் ஜொகூர் தாண்டுவதற்குள் நசுங்கி, மணியெல்லாம் உதிர்ந்து போனது. கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கடையைத் திறந்துவிடுங்கள்.