கீரையைத் தொடாத பியர்டட் டிராகன்: வேளச்சேரி நண்பருக்குப் பதில்

வணக்கம். 14 மாத வயதான தங்கள் பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) சூப்பர்வார்ம் புழுக்களை மட்டுமே தின்கிறது, பாலக்கீரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாலக்கை அது மறுப்பது ஒருவகையில் நல்லதே. பாலக்கிலும், நம் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் அரைக்கீரை, சிறுகீரையிலும் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்துவிடும்.

குட்டிப் பருவத்தில் பூச்சிகளே முதன்மை உணவு என்றாலும், ஓராண்டு கடந்த பிராணிக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு தாவர உணவாக இருக்க வேண்டும். அஞ்சறைப்பெட்டிக் கடுகை ஒரு தொட்டியில் தூவிவிடுங்கள். மருந்து தெளிக்காத இளங்கீரை மாடியிலேயே கிடைக்கும். அதைப் பொடியாக நறுக்கி, துருவிய மஞ்சள் பூசணியும் கிள்ளிய செம்பருத்தி இதழ்களும் கலந்து, காலையில் விளக்கின் வெப்பத்தில் அது சுறுசுறுப்பானதும் வையுங்கள். என் வீட்டு டிராகன் முதலில் நாக்கை நீட்டியது அந்தச் சிவப்பு இதழுக்குத்தான்.

கொழுப்பு மிகுந்த சூப்பர்வார்மை எப்போதாவது தரும் தின்பண்டமாக்கிவிட்டு, வாரம் இரண்டு மூன்று முறை, அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறாத சில்வண்டுகளை (கிரிக்கெட் பூச்சிகளை) கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். யுவிபி எனும் புறஊதாக் கதிர் விளக்கு இல்லாவிட்டால் அந்தக் கால்சியம் சரிவர உடலில் சேராது. வீட்டுக் கரப்பான்பூச்சி வேண்டாம், மருந்து தின்றிருக்கலாம். மின்மினியோ ஒன்றே உயிரைப் பறித்துவிடும். எடை குறைந்தால் காத்திராமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.